பதினோரு வீட்டில் என் மகளின் ஜாதகம்

1

என் வாழ்க்கையில் இதுவரை ஒரே ஒரு முறைதான் எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அனுப்பியவள் என் மகள். அனுப்பிய இடம், சமையலறையை ஒட்டிய அவளுடைய அறை.

நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போனில் மின்னஞ்சல் வந்து விழுந்தது. முழுக்க ஆங்கிலம். "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது. ஏதோ வங்கி கடன் தருகிறேன் என்று கெஞ்சுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் என் முழுப் பெயரும், மூன்றாவது வரியில் "தங்கள் மகளாகிய நான்" என்றும் இருந்தது.

அதில் நான்கு கேள்விகள். என்னைப் பற்றிய எந்தெந்தத் தகவல்கள் தங்களிடம் உள்ளன? அவற்றை யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தீர்கள்? கொடுத்ததை எல்லாம் எப்போது திரும்பப் பெற்று அழிப்பீர்கள்? பதில் சொல்ல இந்த நாட்டுச் சட்டப்படி தங்களுக்கு இருபத்தொரு நாள் அவகாசம் உண்டு.

கும்பகோணம் கோர்ட்டில் ஆறு வருடம் கறுப்பு அங்கி போட்டவள் நான். எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாரத்தோடு நாங்கள் மலேசியாவுக்கு வந்து இருபது வருடம் நிறைந்தது. பாயசம் வைத்துக் கொண்டாடலாம் என்று சேமியா வாங்கி வைத்திருந்தேன். அது பொட்டலத்திலேயே கிடந்தது.

நித்திலாவுக்கு இருபத்து நான்கு வயது. கோலாலம்பூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அன்று காலை அவளோடு வேலை செய்கிற பெண் தன் போனை நீட்டி, "இது நீதானே லா?" என்று, இந்த ஊர் வழக்கப்படி ஒரு லாவும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் சித்திக்கு யாரோ அனுப்பி, சித்தி அந்தப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறார். படத்தில் நித்திலா போன தீபாவளிக்குக் கட்டிய பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்களோடு அவள் ஜாதகம். கீழே விவரம்: சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி, செவ்வாய் தோஷம் இல்லை, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், நன்றாகச் சமைப்பாள்.

கடைசி இரண்டும் பொய். வைத்திருக்கும் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்றும் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. நோட்டீசின் அடியில் அவள் அதையும் விடவில்லை. "என் உயரம் ஐந்தடி இரண்டு. எனக்கு முட்டை வேகவைக்க மட்டுமே தெரியும். திருத்திக்கொள்ளவும்."

இந்தச் சட்டமெல்லாம் ஒரு காப்பீட்டுக் கம்பெனிப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு வருடமாக நான் அறிவுசார் சொத்துரிமையும் தரவுச் சட்டமும் படிக்கிறேன். தினமும் சாப்பாட்டு மேசையில் கணவருக்கும் மகளுக்கும் பாடம் நடத்தினேன். கணவர் கேட்கவில்லை. மகள் கேட்டிருக்கிறாள்.

2

நாற்பத்தேழு வயதில் இவளுக்கு எதற்குப் படிப்பு என்று ஊரில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. சொல்கிறேன்.

என் கணவர் தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஆலையில் எஞ்சினியர். வீடு கிள்ளானில். அவருடைய வேலை பாஸில், அதாவது வேலைக்கான விசாவில், ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில், வேலை செய்ய அனுமதி இல்லை என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். மூன்று வேளை சமைப்பது, துணி துவைப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் இவர்கள் கணக்கில் வேலை இல்லை போலிருக்கிறது. இருபது வருடமாக நான் சட்டத்தை மீறியதாக யாரும் என்னைப் பிடிக்கவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பியவளே நித்திலாதான். "வீட்ல எங்ககிட்டயே வாதாடிக்கிட்டு இருக்க. போய் கிளாஸ்ல வாதாடுமா, அப்பாவுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்" என்றாள். என் பாஸ் வைத்துக்கொண்டு படிப்பதற்குக் குடிநுழைவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். படிக்கப் போகிற பிள்ளை எங்கே என்று தேடியிருக்கிறார். "நான்தான்" என்றேன். அவர் சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சியை நான் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பாரத்தில் ஒரு முத்திரை குறைகிறது என்றார். அந்த முத்திரைக்கு மூன்று முறை அலைந்தேன்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் என் அப்பா பெயரை எழுதினேன். அதிலிருந்து வகுப்பில் எல்லோருக்கும் நான் மிஸ் சாமிநாதன். பேராசிரியர் டாக்டர் ரொஹானா முதல் நாள் "சாமிநாதன்!" என்று கூப்பிட்டபோது வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அப்பாதான் வந்துவிட்டாரோ என்று. அப்பா பத்தாம் வகுப்பு கணக்கில் தவறியவர். இப்போது அவர் பெயரில் முதுகலைப் பட்டம் வரப்போகிறது.

இதற்கிடையில் என் தமிழும் எங்கேயோ ஒதுங்கிவிட்டது. போன முறை ஊருக்குப் போனபோது கும்பகோணத்தில் ஓட்டல்காரரிடம், "பாஸ், ரெண்டு தோசை தாப்பாவ்" என்றேன். அவர் அது என்ன சட்னி என்று கேட்டார். இங்கே பார்சலை அப்படித்தான் சொல்வோம். என் தங்கை ஒரு வாரம் சிரித்தாள். அதே பயணத்தில் நித்திலா யாரிடமோ போனில், "இங்க அம்மாவோட ஊர்ல இருக்கேன், அடுத்த வாரம் எங்க ஊருக்கு வந்துருவேன்" என்று சொல்வது கேட்டது. எங்க ஊர் என்றால் கிள்ளான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குக் காபி இறங்கவில்லை.

3

எங்கள் வகுப்பில் பதினான்கு பேர், ஒன்பது நாடுகள். எனக்குப் பக்கத்து இருக்கை உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஜம்ஷித். என் மகனாக இருக்கலாம், அவ்வளவு வயது. என் டிபன் டப்பாவுக்காகவே அந்த இடத்தைப் பிடித்தவன்.

ஒரு நாள் டாக்டர் ரொஹானா, சம்மதம் என்றால் என்ன என்று பாடம் எடுத்தார். ஒருவருடைய தகவலை எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். முக்கியமாக, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். "உங்கள் ஊரில் இது இல்லாமல் பரிமாறப்படும் தகவலுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றார்.

நான் கையைத் தூக்கி ஜாதகம் என்றேன். ஒரு மனிதர் பிறந்த நாள், நிமிடம், ஊர், அப்பா அம்மா பெயர், குலம், ஆயுள், நோய், எல்லாம் ஒரே தாளில் இருக்கும்; நான்கு மூலையில் மஞ்சள் தடவித் தட்டில் வைத்து முன்பின் தெரியாதவர்களிடம் கொடுப்போம் என்று விளக்கினேன்.

"அதை எழுதியவர் யார்?" என்று ஜம்ஷித் கேட்டான். ஜோசியர் என்றேன். "அப்படியானால் பதிப்புரிமை ஜோசியருக்கா, உனக்கா?" அரை மணி நேரம் அதில் போனது. கட்டத்துக்கு உரிமை கிடையாது, கிரகங்கள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பலன் எழுதிய வாசகம் ஜோசியருடைய படைப்பு என்று தீர்ப்பானது. என் கல்யாணத்துக்குக் காரணமான தாள் கும்பகோணத்து ஜோசியர் ஒருவரின் இலக்கியம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதில், கணவன் மனைவி சொல்லைத் தட்டமாட்டான் என்று எழுதியிருந்தார். ஆகவே புனைகதை.

"இதையே ஆய்வேடாக எழுது" என்றார் டாக்டர் ரொஹானா. நான் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பில்தான் கோலாலம்பூரில் தமிழர்கள் கூடும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் போனேன்.

4

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் புஷ்பா அக்காவின் திருமணத் தகவல் மையம் இருக்கிறது. அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அறுபது வயது. மூன்று இரும்பு பீரோக்களில் இருபத்தேழு நட்சத்திரமும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. ஆய்வுக்காக வந்திருக்கிறேன், தகவல்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"பாருங்க சிஸ்டர், நல்லா பாருங்க" என்றார். "நீங்க தமிழ்நாட்டுக்காரவங்கதானே? பேச்சுலயே தெரியுது. பிள்ளைங்க எத்தனை?"

"ஒரு பொண்ணு. இருபத்து நாலு."

அக்கா பேனாவை எடுத்துவிட்டார். "நட்சத்திரம்?"

நான் ஆராய்ச்சியாளர் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கைப்பையில் நித்திலாவின் ஜாதகம் இருந்தது. ஆய்வுக்கு மாதிரி என்று சொல்லி எடுத்துப்போயிருந்தேன். இது உண்மைதானா என்று இப்போது என்னை நானே குறுக்கு விசாரணை செய்கிறேன், சாட்சி தடுமாறுகிறது.

"சுவாதியா? சுவாதிக்கு நம்மகிட்ட ரொம்ப டிமாண்ட் லா" என்றார் அக்கா. அவ்வளவுதான். ஜாதகத்தை எடுத்து நீட்டினேன். போனிலிருந்து பட்டுச்சேலைப் படத்தை அனுப்பினேன். உயரத்தை அக்காதான் கூட்டினார், நான் தடுக்கவில்லை. சமையல் என்னுடைய சேர்க்கை.

பாரத்தில் பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. பெண்ணின் கையெழுத்துக்குக் கட்டமே இல்லை. இதை உடனே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: "சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெறப்படுவதில்லை. பெருங்குறை." எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் அதே பேனாவால் பெற்றோர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

5

நோட்டீஸ் வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் நான் ஒரு வக்கீல் செய்யக்கூடியதைச் செய்தேன். சட்டத்தில் ஓட்டை தேடினேன். ஓட்டை இருந்தது. குடும்ப விவகாரத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

"இது குடும்ப விவகாரம். விலக்கு இருக்கு" என்றேன், வெற்றியோடு.

நித்திலா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். திருமணத் தகவல் மையம் வியாபார நிறுவனம். குடும்பத்துக்குள் இருந்த தகவலை வியாபாரத்துக்குக் கொடுத்த அந்த நிமிடமே தங்கள் விலக்கு போய்விட்டது. போன மாதப் பரீட்சையில் இந்தக் கேள்விக்குத் தாங்கள் இதே பதிலைத்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கினீர்கள், அம்மையாரே.

கணவர் ரசத்தை உறிஞ்சினார். "நல்ல பாயின்ட்" என்றார்.

"நீங்க யார் பக்கம்?"

"நான் வேடிக்கை பார்க்கிற பக்கம்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. கதவை அறைந்திருந்தால் கூடச் சமாளித்திருப்பேன். எல்லாவற்றுக்கும் அழகான, திருத்தமான ஆங்கிலம். காபி வேண்டுமா என்றால், "வேண்டாம், நன்றி, கேட்டதற்கு மகிழ்ச்சி" என்கிற வகையில். அலுவலகத்தில், பஸ்ஸில், தோழிகளோடு எல்லாம் அவளுக்கு ஆங்கிலமும் மலாயும்தான். தமிழ் அவள் என்னோடு மட்டும் பேசுவது. அதை நிறுத்தினால் அவளுக்குள் அது என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. என்னை விட்டு அவள் போகிற வழியில் இதுதான் கடைசிப் படி என்றே தோன்றியது. அழுதேன். வெங்காயம் நறுக்கும் நேரமாகப் பார்த்து அழுதேன், அது என் சாமர்த்தியம்.

நான்காவது நாள் முடிவு செய்தேன். இருபத்தொரு நாளுக்குள் ஒன்று விடாமல் திரும்ப வாங்கிக் காட்டுவது.

6

கிள்ளானிலிருந்து கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்து மறுபடி புஷ்பா அக்காவிடம் போனேன். ஜாதகத்தை எடுத்துவிடுங்கள் அக்கா என்றேன். கோப்பிலிருந்து தாளை உருவிக் கொடுத்தார். போனில் போனதை என்ன செய்வது என்று கேட்டேன்.

"அனுப்பினது அனுப்பினதுதான் சிஸ்டர். பூவை வித்தபெறகு மணத்தைத் திருப்பிக் கேக்க முடியுமா?" கீழே பூக்கடை இருப்பதால் அவருக்கு உவமை எல்லாம் அங்கிருந்தே வரும். ஆனாலும் நல்ல மனுஷி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேரடியாகத் தான் அனுப்பிய வீடுகள் என்று பதினோரு பெயர்களும் எண்களும் எழுதிக் கொடுத்தார்.

பழைய வழக்கம் எவ்வளவு கௌரவமானது என்று அந்தப் பதினோரு பேரோடு பேசும்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் ஜாதகம் ஒரே தாள். பொருந்தவில்லை என்றால் நாலு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். திருப்பிக் கொடுத்த பிறகு அது எந்த வீட்டிலும் மிஞ்சாது. நான் இரண்டு செமஸ்டராகப் படித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை எங்கள் ஆட்கள் ஒரு மஞ்சள் பையில் வைத்து நடத்தியிருக்கிறார்கள். போனில் வந்த பிறகு திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லாமல் போய்விட்டது. இதை ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயமாகச் சேர்த்துவிட்டேன். வீடு பற்றி எரியும்போது அந்த வெளிச்சத்தில் படிக்கிற ஆள் நான்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பெண் வீட்டுக்காரர்களே ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டால் நம் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"வேற எடம் அமைஞ்சிருச்சா?" என்றார் முதல் அம்மா.

"இல்லைங்க. பொண்ணைக் கேக்காம கொடுத்துட்டேன்."

"ஓ." குரலைத் தாழ்த்தினார். "பையன் நம்ம ஆளா, வேற ஆளா?"

நான் இல்லாத பையனை மறுக்க மறுக்க அவன் வளர்ந்துகொண்டே போனான். மூன்றாவது வீட்டில் பேசும்போது அவன் சீனப் பையன். ஐந்தாவது வீட்டில் அவனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருந்தது. ஏழாவது வீடு என் கணவரின் ஆலை மேலாளர் வீடு என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் கேன்டீனில் நான்கு பேர் கணவரின் கையைப் பிடித்து, "பிள்ளைங்க சந்தோஷம்தான் முக்கியம் பாஸ்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவர் எதற்கென்று தெரியாமலே நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒரு தகவலை அழிக்கப் போய் ஒன்பது தகவல்களை உண்டாக்கியிருந்தேன். டாக்டர் ரொஹானாவிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் மலாய்க் கிராமத்திலும் இதே கதைதான், ஜாதகம் மட்டும் கிடையாது" என்றார்.

7

பத்து வீடுகள் போனிலேயே முடிந்தன. அழித்துவிட்டோம் என்று சொன்னவர்களை நம்பினேன், வேறு வழி இல்லை. பதினோராவது வீடு பண்டமாரானில். அந்த அம்மா மட்டும், அச்செடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், நேரில் வந்து வாங்கிக்கொள் என்றார். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஒரு சனிக்கிழமை காலையில் போனேன்.

கேசரி, வடை, டீ எல்லாம் வந்தன. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து அதன் மேல் நித்திலாவின் ஜாதகத்தை வைத்துக் கொடுத்தார். எவ்வளவு நாகரிகம் என்று நெகிழ்ந்து வாங்கினேன். "ஜாதகத்தை வெறுமனே திருப்பக் கூடாதும்மா" என்றபடி அடியில் இன்னொரு தாளையும் செருகினார். அவருடைய மகனின் ஜாதகம். "சும்மா இருக்கட்டும். மனசு மாறினா பாருங்க."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் வடை இருந்தது.

அந்த மகன் ரமேஷ், துறைமுகத்தில் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் அதிகாரி, முப்பது வயது இருக்கும். என்னைக் கார் வரைக்கும் கொண்டுவிட வந்தார். கதவைத் திறந்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"ஆன்டி, நீங்க லாயராமே?"

"ஊர்ல இருந்தேன்."

"என்னோட ஜாதகம் எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா? நானும் கேட்டுப் பார்த்துட்டேன், எங்கம்மா சொல்ல மாட்றாங்க. இப்போ உங்க பேக்ல ஒண்ணு இருக்கு, அதுகூட என்னைக் கேக்காமத்தான் போகுது."

பையைத் திறந்து அவர் ஜாதகத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிற வழியெல்லாம் எனக்கு அவர் முகம்தான். அவர் கேட்டது அவ்வளவு சாதாரணமான விஷயம். நித்திலாவும் அதையேதான் கேட்டாள். நான் ஓட்டை தேடியிருக்கிறேன்.

8

பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. முறைப்படி பதில் தயார் செய்து, அச்செடுத்து, நித்திலாவின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். என்னென்ன தகவல் என்பதற்குப் பதில் இருந்தது. யார் யாருக்கு என்பதற்குப் பதினோரு பெயர்கள். திரும்பப் பெற்றதற்கு ஒவ்வொன்றுக்கும் தேதி. உயரம் திருத்தப்பட்டது, முட்டை சேர்க்கப்பட்டது. அந்த இடத்தில் அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நம்பிக்கை வந்தது.

பிறகு மூன்றாவது கேள்வியில் விரலை வைத்தாள். நோக்கம் என்ற இடத்தில், "பெற்றோருக்கு இயல்பாக உள்ள அக்கறை" என்று எழுதியிருந்தேன்.

"இது போதாது," என்றாள் ஆங்கிலத்தில். "தெளிவாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். ஏன் இப்போது? போன வருடம் இல்லாத அக்கறை இந்த வருடம் எங்கிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. எந்த நீதிபதியும் கேட்டிருப்பார். என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. மூன்று மாதமாக அதை மறைத்து வைத்திருந்தேன், நானும் அவள் அப்பாவும்.

சொன்னேன். அடுத்த ஆண்டோடு அப்பாவின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா என்று ஆலையில் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னவள் நான்தான். இருபது வருடமாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பாஸ் புதுப்பித்து அலுத்துவிட்டது. நிரந்தரவாசத்துக்குப் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது, பல வருடங்களாகப் பரிசீலனையிலேயே இருக்கிறது. கும்பகோணம் வீட்டில் வாடகைக்கு இருந்தவரைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. அப்பா பாஸ் முடிந்தால் என் பாஸும் முடிந்தது. ஆனால் உனக்குத் தனி வேலை பாஸ் இருக்கிறது, உன் வேலை இங்கே, உன் சிநேகிதிகள் இங்கே, நீ வரமாட்டாய் என்று தெரியும். நாங்கள் போனபிறகு காய்ச்சல் வந்தால் உனக்குக் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள்? அதனால்தான். நாங்கள் போவதற்குள் உன் பக்கத்தில் ஒருத்தனை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்றுதான்.

நித்திலா தாளை மடித்தாள். வெகுநேரம் மடித்துக்கொண்டே இருந்தாள். எத்தனை மடிப்புதான் ஒரு தாள் தாங்கும்.

"நாலு வயசுல என்னைக் கேக்காம கூட்டிட்டு வந்தீங்க" என்றாள். தமிழில். "இப்ப என்னைக் கேக்காம விட்டுட்டுப் போறீங்க."

ஜாதகத்துக்காக வந்த கோபம் என்று நினைத்துக்கொண்டு பதினோரு வீட்டோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன்; அவளுக்குக் கேட்காததுதான் கோபம். சொல்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்ல வழி வைத்துக் கேட்பதுதான் கேட்பது என்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவள், என் மகளிடம் இதுவரை ஒரு தடவையும் அப்படிக் கேட்டதில்லை.

"சரி. இப்பக் கேக்குறேன். அப்பாவும் நானும் ஊருக்குப் போயிரட்டுமா?"

அவள் யோசிக்கவே இல்லை.

"வேணாம்மா."

கூடத்தில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. அவர் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அறை வாசலில் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆலைக்கு எழுதின அந்த லெட்டரை நான் இன்னும் குடுக்கலை."

"மூணு மாசமாவா?" என்றேன்.

"என்னை யாரு கேட்டா?" என்றார்.